சாம்பலுக்கு ஒரு கொள்கைக் குறிப்பு

தம்பி, சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கொள்கை ஆய்வுக் குறிப்பு எழுதித் தருகிற வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் தலைப்பே ‘வடசென்னை: சமூக, நிதிச் சவால்கள்’. வாழ்த்துகள். நாலு பக்கத்தைத் தாண்டக் கூடாது, அதில் ஒரு பக்கம் வண்ண வரைபடம் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வேலைக்கு ஆபத்து வராமல் அதை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் காலம் தள்ளுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

உங்களுக்குத் தேவை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சட்டமன்றத்தில் 234 பேர். அவர்களுக்குக் கார் ஓட்ட ஆள் உண்டு, பேனர் கட்ட ஆள் உண்டு, காதுகுத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வர ஆள் உண்டு. பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து, ‘அண்ணே, இந்த வரியைக் கொஞ்சம் பாருங்க’ என்று விரல் வைத்துக் காட்ட ஆள் இல்லை. டெல்லியில் 2005-லிருந்து பி.ஆர்.எஸ். என்றொரு அமைப்பு மசோதாக்களை அலசிக் கொடுக்கிறது, எம்.பி.க்களிடம் வேலை பார்க்க இளைஞர்களை அனுப்பி வைக்கிறது. நம் எம்.எல்.ஏ.வுக்கு வாய்ப்பதெல்லாம் துறையே அச்சடித்துத் தருகிற கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கை எடுத்துக்கொள்ளப்படுகிற நாளில் மேசைக்கு வரும். வழவழப்பான அட்டை, படங்கள், போன வருடச் சாதனைகள். அதைப் புரட்டுவதற்குள் தலைவரைப் பாராட்டும் முறை வந்துவிடும். பாராட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பல ஆயிரம் கோடி ரூபாய் குரல் வாக்கில் நிறைவேறிவிடும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1972-ல் தனக்கென்று ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை உண்டாக்கியது. உறுப்பினர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பதற்காகவே நிபுணர்களை உட்காரவைத்த இடம். 1995-ல் செலவைக் குறைக்கிறோம் என்று அதை இழுத்து மூடினார்கள். அவசரக்காரர்கள். நாம் எதையும் மூட மாட்டோம். அறிக்கை எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ பிடித்து, அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். ஆய்வும் பிழைக்கும், அரசாங்கமும் பிழைக்கும்.

நம் ஊரில் ஆய்வுக்குப் பஞ்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. அடுத்த வருடமே சேப்பாக்கம் பக்கம் மாநிலத் திட்டக்குழு பிறந்தது. அதே 1971-ல் அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேஷையா சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். புகைக்கும் கொள்கைக்கும் நம்மிடம் ஏறக்குறைய ஒரே வயது. 2020-ல் திட்டக்குழுவின் பெயரை மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று மாற்றினார்கள். பிறகு பழைய பெயருக்கே திரும்பினார்கள். அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டது. அது கொட்டிவிட்டுப் போன சாம்பல் பெயரும் மாறவில்லை, ஓய்வும் பெறவில்லை. கொசஸ்தலையாற்றில் அப்படியே கிடக்கிறது.

அந்தச் சாம்பலைப் பற்றி எழுதும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். கொதிகலனுக்குள் இருக்கும் வரை அது எரிசக்தித் துறையின் பொருள். உலர் சாம்பலை சிமெண்ட் கம்பெனிகளுக்கு விற்றால் அது வருவாய். குறிப்பில் தைரியமாக எழுதலாம். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பும்போது குழாய் உடைந்து ஆற்றில் கொட்டினால், அது சுற்றுச்சூழல் துறை. ஆற்றின் ஆழம் குறைந்து படகு தரைதட்டினால் நீர்வளத்துறை. மடவையும் நண்டும் காணாமல் போனால் மீன்வளத்துறை. காற்றில் பறந்து ஒரு குழந்தையின் நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்தால் மக்கள் நல்வாழ்வுத் துறை. ஒரே சாம்பல், ஐந்து கொள்கை விளக்கக் குறிப்புகள். ஐந்தையும் அடுக்கி வைத்துப் படித்தாலும் அதை முழுசாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் குற்றமற்றது.

ஒரு நாள் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறி எண்ணூர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பல்லில் பறி இருப்பதால் பேச்சு கிடையாது. கை மட்டும் பேசும். விரலில் இறால் தட்டியதும் லாகவமாக எடுத்து வாய்க்குக் கீழே தொங்கும் பறியில் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை, மூலதனம் என்று சொல்ல அந்தப் பத்து விரல்கள்தான். அவை தடவுகிற சேற்றில் இப்போது பாதி சாம்பல். இந்தப் பெண் எந்தத் துறையின் பயனாளி என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி எழுத முடியுமா? முடியாது. அவர் ‘வாழ்வாதாரப் பன்முகப்படுத்தலுக்கான வாய்ப்பு’ என்ற தலைப்பின் கீழ் வருவார். தையல் மிஷின் கொடுக்கலாம் என்று பரிந்துரையுங்கள். பிரமாதமாக எடுபடும்.

நிதிப் பக்கத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று அதில் கணக்கு இருந்தது. நல்ல வேலை, மறைத்து வைத்ததைத் திறந்து காட்டிய வேலை. எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். கடைசி ஆறு ரூபாய் வரைக்கும் கடனைப் பிரித்துத் தலையில் வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மறுபக்கக் கணக்கைப் போடத் தெரியவில்லை. ஐம்பது வருடமாக எண்ணூர்க் காட்டுக்குப்பத்துக் குடும்பத்துக்கும் சிவன்படைவீதிக் குப்பத்துக் குடும்பத்துக்கும் இந்த மாநிலம் எவ்வளவு பாக்கி? அதற்கு வெள்ளை அறிக்கையும் கிடையாது, சாம்பல் நிற அறிக்கையும் கிடையாது.

வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்கள், பக்கத்தில் 1,500 மெகாவாட் வல்லூர். எண்ணூரின் இந்த ஒரு கழிமுகத்தைச் சுற்றி மட்டும் நிறுவுதிறன் 4,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த மானியம் எத்தனை கோடி, மின்வாரியத்துக்கு எத்தனை நஷ்டம், ஒரு யூனிட் அடக்கவிலை என்ன என்று பைசா சுத்தமாக வாதாடுகிறோம். நிலக்கரி விலை சேர்ந்திருக்கும், கப்பல் கூலி சேர்ந்திருக்கும், கடன் வட்டியும் சேர்ந்திருக்கும். அத்திப்பட்டிலும் எர்ணாவூரிலும் வாங்குகிற மூச்சிழுப்பு மருந்தின் விலை மட்டும் அந்த யூனிட்டில் சேராது. அதை அந்தந்தக் குடும்பமே கட்டிக்கொள்கிறது. எண்ணூர்க்காரன் கோடம்பாக்கத்து ஏசிக்குத் தரும் மானியம் என்று இதை எழுதிப் பாருங்கள். அடுத்த மாதம் உங்களுக்கு வேறு தலைப்பு கொடுப்பார்கள்.

நஷ்டத்தைக் கணக்கிடவே அரசுக்குத் தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு முறை கணக்கிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாறு வழியாகக் கடல் வரைக்கும் போனது. படகு, வலை, வீட்டுச் சுவர், கோழி, நாய் எல்லாம் கறுப்பு. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8.68 கோடி. ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி. அவருடைய மூன்று வருட நிதியை விடக் குறைவான தொகையில் ஒரு கழிமுகத்தின் சாவு பைசல் செய்யப்பட்டது. குடும்பத்தின் தலையில் வைத்த கடன் 2,63,976. அதே குடும்பத்தின் கையில் வைத்த நிவாரணம் 12,500. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பட்டைப்படம் போடுங்கள், தம்பி. வண்ணப் பக்கம் கேட்டார்களே.

எண்ணெய் அள்ளிய விதத்தைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி வைக்கலாம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. கரை கறுத்த பிறகு மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் எர்ணாவூர்ப் பாறைகளில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கத் தேசியத் திட்டம் ஒன்று 1996-லிருந்தே இருக்கிறது. அதில் வாளி பற்றி என்ன எழுதியிருக்கிறதோ. ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து மறுபடி எண்ணெய் வந்தபோது மீனவர்கள் படகில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மக்கில் மொண்டார்கள். வாளியிலிருந்து மக்குக்கு வந்திருக்கிறோம். இதைக் கொள்கை வளர்ச்சி என்று எழுதலாமா என்பதை உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணெய் காய்வதற்குள், அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலோடு எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தத் திசையில் ஓடுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவனத்துக்கு 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. கிராமத்து மக்கள் நூறு நாளைத் தாண்டியும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு மொழியில் இதற்கு ‘சமூகப் பங்கேற்பு’ என்று பெயர்.

புள்ளிவிவரம் இல்லாமல் குறிப்பு எடுபடாது என்று நீங்கள் கவலைப்படலாம். இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போடுகிறது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. மணலி 2009-ல் 76.32 வாங்கியது. புதிய ஆலைகளுக்குத் தடை வந்தது, செயல்திட்டம் ஒன்றைக் காட்டினார்கள், தடை போனது. 2018-ல் மணலியின் குறியீடு 84.15. அளவுகோலை நடுவில் மாற்றினார்கள் என்பது நியாயமான ஆட்சேபம்தான். எந்த அளவுகோலை வைத்தாலும் பிளஸ் டூ பிள்ளை போல மார்க்கைக் கூட்டிக்கொண்டே போகிற இடம் எங்கள் இடம்.

வரைபடம் வைக்கும்போது எந்த வருடத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது, கட்டுமானம் கூடாத பகுதியாக. பிறகு வந்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அலை ஏறி இறங்குகிறது, காகிதத்தில் மட்டும் ஆறு வற்றிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 2017-ல் இதை வெளியே கொண்டுவந்தவர்கள் சம்பளம் வாங்குகிற ஆய்வாளர்கள் இல்லை. மீனவர்களும் அவர்களோடு நின்ற சில ஆர்வலர்களும். சாம்பல் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று படகில் போய்ப் படம் எடுத்தவர்களும் அவர்கள்தான். பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறியவர்களும் அவர்கள்தான். கழிமுகம் கெட்டதற்கு மின்வாரியம் பொறுப்பு என்று 2022-ல் தீர்ப்பாயம் சொன்னதென்றால் அது இந்தக் கூலியில்லாத ஆராய்ச்சியால். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு என்ற நிலையில் இருப்பவர்கள், அந்த நாளைக் கொடுத்து அரசாங்கத்துக்கு எழுதித் தந்த கொள்கைக் குறிப்பு அது. அதற்கு அட்டைப்படம் இல்லாததால் யாரும் படிக்கவில்லை.

காசு கொடுத்து வாங்கும் ஆராய்ச்சி எப்படி இருக்கும்? இங்கே ஒரு அனல்மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதென்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதை எழுதும் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது திட்டக்காரரே. 2021-ல் தமிழ்நாடு முதல்வருக்குப் பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்தார்கள்: ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்ளோ, அரவிந்த் சுப்பிரமணியன், ஜான் டிரேஸ், எஸ்.நாராயண். இதில் நோபல் பரிசு பெற்ற டஃப்ளோ அம்மையார் குஜராத்தில் சக பொருளியலாளர்களோடு செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஆலைக்காரரே தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்தால் மாசுத் தணிக்கையாளர் மாசைக் குறைத்துத்தான் எழுதுகிறார். யார் எந்த ஆலைக்குப் போவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்தால் உண்மையை எழுதுகிறார், ஆலையும் மாசைக் குறைக்கிறது. இதற்குமேல் ஒரு மாநிலத்துக்கு என்ன ஆலோசனை வேண்டும்? ஆய்வு செய்தவரையே ஆலோசகராக வரவழைத்தார்கள். மதிப்பீட்டு அறிக்கையோ இன்னும் திட்டக்காரர் காசில்தான் எழுதப்படுகிறது. விதி டெல்லியின் விதி என்று இங்கே கைகாட்டுவார்கள். மின்வாரியத்தில் மாநில அரசே திட்டக்காரர் என்பதை அந்தக் கை காட்டாது.

2024 டிசம்பரில், ஓய்வு பெற்ற அதே எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. எண்ணெயும் அமோனியாவும் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் வந்து வேண்டாம் என்றார்கள். 2006-ம் வருட அறிவிக்கையின்படி கருத்தைக் கேட்டாக வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டும் என்று அதில் இல்லை. காட்டுப்பள்ளியில் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கிற அதானி திட்டத்துக்கும் கூட்டம் அறிவித்தார்கள், தள்ளி வைத்தார்கள், மறுபடி அறிவித்தார்கள், மறுபடி ரத்து செய்தார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்ப்பது, ஆளும்போது ஆராய்வது. இரண்டு கழகங்களுக்கும் இந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது.

வடசென்னைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னதாக எழுதாதீர்கள். வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்றார்கள். 2024 மார்ச்சில் தொடங்கிவைத்தபோது அது 4,181 கோடியாகியிருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், குடிநீர். எல்லாம் வேண்டியவைதான், தாமதமாக வந்தவையும்கூட. ஆனால் புகைபோக்கிக்குக் கீழே கட்டுகிற ஆஸ்பத்திரியை எந்தக் கணக்கில் எழுதுவது? நலத்திட்டமா, மின்சாரத்தின் உற்பத்திச் செலவா? இந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு நாலு பக்கம் கொடுத்திருக்க வேண்டும். தலைப்பில் ‘சமூக’ என்றும் ‘நிதி’ என்றும் தனித்தனியாகப் போட்டு நடுவில் காற்புள்ளி வைத்தவர் விவரமான ஆள்.

சரி, கிண்டல் போதும். உங்களை ஒன்று கேட்கிறேன், நீங்கள் எழுதப்போகிற குறிப்பைப் படிக்கிற எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்துத்தான். திருவொற்றியூர், பொன்னேரி, மாதவரம், ஆர்.கே.நகர், ராயபுரம் உறுப்பினர்கள் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். எரிசக்தித் துறை மானியக் கோரிக்கை வருகிற நாளில் எழுந்து நின்று, பாராட்டு வாசகங்களுக்கு முன்னால், மூன்று விஷயம் கேட்கட்டும்: ஆற்றில் கிடக்கும் சாம்பலை எடுத்து முடிக்க எத்தனை கோடி, அது எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடியும். பதில் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகட்டும். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வந்து கைகூப்புகிறவரிடம் எண்ணூர்க்காரர்கள் மட்டுமல்ல, இந்த மின்சாரத்தில் விளக்குப் போடுகிற எல்லாரும் அந்தப் பக்கத்தின் நகலை நீட்டிக் கேளுங்கள். கேட்காதவரைக்கும் எங்கள் கணக்கு 12,500 ரூபாயில் முடிக்கப்பட்டதாகவே கோப்பில் இருக்கும்.